அம்மா வீட்டுச் செதுக்கு அலமாரியை 900 வெள்ளிக்குக் கொடுக்கலாமா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சிங்கப்பூர் அங் மோ கியோவில் காலமான அம்மா இருந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டை விற்றாகிவிட்டது, சில வாரங்களில் சாவியைக் கொடுக்க வேண்டும். கூடத்தில் ஏழடி உயரத்துக்கு ஒரு செதுக்கு வேலை அலமாரி நிற்கிறது. மார்க்கெட் ஸ்திரீட்டில், செட்டியார்கள் கொடுக்கல் வாங்கல் நடத்திய கிட்டங்கியில் கணக்கெழுதிய தாத்தாவுக்கு அவருடைய செட்டியார் முதலாளி கொடுத்தது, ஐம்பதுகளில் இந்தியாவிலிருந்து ரஜூலா கப்பலில் வந்தது, நூக்கு மரம், நூற்றைம்பது வயது என்றெல்லாம் அம்மா சொல்லியிருக்கிறார். பழம்பொருள் வியாபாரி ஒருவர் 900 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தருகிறேன், வாரக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள் என்கிறார். இந்த விலை நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் தெரியாமல் ஏமாந்துவிடக் கூடாதே என்பதும், அம்மா பார்த்துப் பார்த்துத் துடைத்த பொருளை அவசரத்தில் தள்ளிவிட்டாய் என்று அண்ணனும் தங்கையும் நாளைக்குச் சொல்லக் கூடாதே என்பதும்தான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எனக்குப் படுகிறது. நான் இங்கே பல ஆண்டுகளாகப் பழைய மரச்சாமான்களைச் சீர்செய்கிறவன், ஏலத்துக்குப் போகும் பொருள்களுக்கு விவரக்குறிப்பு எழுதிக் கொடுப்பதும் உண்டு. சட்டம் படித்தவன் அல்ல, அந்தப் பகுதியை அதற்கேற்ற கவனத்தோடு படியுங்கள்.

வாரக் கடைசிக்குள் யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம். 900 வெள்ளி குறைவு என்று நான் சொல்லவில்லை. நேரில் பார்க்காமல் யாராலும் அதைச் சொல்ல முடியாது, அலமாரி அவ்வளவுதான் பெறும் என்றும் ஆகலாம். ஆனால் என்ன மரம், எந்தக் காலத்து வேலை, எப்படி இங்கே வந்தது என்ற மூன்றும் தெரியாமல் விலை பேச உட்கார்ந்தால், எதிரில் இருப்பவருக்கு மட்டும் எல்லாம் தெரிந்த பேரமாகிவிடும். முதல் இரண்டை நீங்களே வீட்டில் ஓரளவு பார்த்துக்கொள்ளலாம். மூன்றாவதில்தான் சிங்கப்பூரில் இந்தப் பொருளின் மதிப்பு இருக்கிறது. அந்த மூன்றாவது உங்கள் குடும்பத்தாரிடம் மட்டுமே இருக்கிறது, எந்த வியாபாரியிடமும் இல்லை.

முதலில் மரம். நீங்கள் அனுப்பிய படங்களில் முகப்பு கன்னங்கரேலென்று இருப்பதால் நூக்கு, அதாவது ஈட்டி மரம், என்று வீட்டில் நம்பியிருக்கிறார்கள். கறுத்திருப்பதெல்லாம் நூக்கு அல்ல. தேக்கில் செய்து, சாயம் கலந்த அரக்கு மெருகு பூசி, பல ஆண்டு எண்ணெயும் சாம்பிராணிப் புகையும் ஏறினால் தேக்கும் இப்படித்தான் ஆகும். ஆகவே முகப்பை விட்டுவிடுங்கள். கீழ் இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்துக் கவிழ்த்துப் போடுங்கள், அடிப்பக்கத்துக்கு யாரும் மெருகு பூசியிருக்க மாட்டார்கள். பொன்னிறம் கலந்த பழுப்பாக, தடவினால் லேசான எண்ணெய்ப் பிசுக்கோடு, முகர்ந்தால் பழைய தோல் வாடையோடு இருந்தால் தேக்கு. ஊதா கலந்த கரும்பழுப்பில் கறுப்பு வரிகள் ஓடி, தூக்கும்போது எதிர்பார்த்ததைவிடக் கனத்தால் நூக்கு. வெளியே ஒரு மரம், உள்ளே இன்னொன்று என்று போட்டதும் உண்டு, அதனால் கதவின் உள் விளிம்பையும் பாருங்கள். தேக்கு என்று தெரிந்தால் மனம் சோர வேண்டாம். செட்டிநாட்டு வேலையில் பெரும்பகுதி பர்மாத் தேக்குதான், நல்ல தச்சர்கள் விரும்பிச் செதுக்கிய மரம் அது.

வயது விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1930கள் வரை எழுந்தவை. மேலே கஜலட்சுமி, இருபுறமும் யாளி, ஓரமெல்லாம் கொடிக்கருக்கு என்னும் கொடி வேலைப்பாடு, ஆனால் கதவும் கால்களும் ஆங்கிலேயர் வீட்டு அலமாரி மாதிரி என்ற இந்தக் கலவை அந்தக் காலத்தில் மிகவும் விரும்பப்பட்டது. ஆனால் அதே வடிவத்தை இன்றைக்கும் செதுக்கி, சாயம் ஏற்றி, பழசு என்று விற்கிறார்கள். செதுக்கலைப் பார்த்த மாத்திரத்தில் வயது சொல்பவரை, அவர் எந்தப் பக்கம் பேசினாலும், நம்ப வேண்டாம்.

நான் முதலில் போவது முதுகுப் பலகைக்குத்தான். சுவரைப் பார்த்து நிற்கும் பக்கத்தை யாரும் அழகுபடுத்த மெனக்கெடுவதில்லை, தடயங்கள் அப்படியே இருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள். வில்லாக வளைந்த வரிகள் தெரிந்தால் வட்ட ரம்பத்தில் அறுத்த பலகை. நேராக, இடைவெளி ஒழுங்கில்லாமல் ஓடினால் கையால் அறுத்தது. இதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள்: பர்மாவில் நீராவியில் ஓடும் மர ஆலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இருந்தன, தமிழ்நாட்டுக் கிராமங்களிலோ கை ரம்பம் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஓடியது. திருகாணி இன்னும் நம்பகமான சாட்சி. தலையில் கூட்டல் குறி போல வெட்டு உள்ள திருகாணி 1930களின் நடுவில்தான் சந்தைக்கே வந்தது, நம் பக்கம் பரவியது போருக்குப் பிறகு. கீலில் மட்டும் அப்படி இருந்தால் யாரோ கீலை மாற்றியிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் அதுதான் என்றால் நூற்றைம்பது வயது என்ற பேச்சையே விட்டுவிட வேண்டியதுதான். அப்புறம் கதவின் நடுப்பலகை. மரம் காலப்போக்கில் குறுக்குவாட்டில் சுருங்கும். சட்டத்தின் பள்ளத்துக்குள் மறைந்திருந்த, மெருகு படாத ஒரு மெல்லிய கீற்று ஓரத்தில் வெளியே தெரிந்தால், பலகை பல்லாண்டு அதே சட்டத்துக்குள் இருந்து சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். போலிக்காரர்கள் இதைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இழுப்பறையில் பழைய தமிழ் முரசு விரித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை எறியாதீர்கள், விரித்தபடியே தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். செய்த ஆண்டை அது சொல்லாது, ஆனால் பொருள் எத்தனை காலமாகச் சிங்கப்பூரில் இருக்கிறது என்பதற்கு ஒரு துணைச் சான்று.

மூன்றாவது படத்தில் சாவித்துளையைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் பதித்திருக்கிறதே, அதைப் பற்றி ஒருவரும் உங்களிடம் கேட்காதது எனக்குக் கவலையாக இருக்கிறது. அது எலும்பாக இருக்கலாம், தந்தமாகவும் இருக்கலாம். பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னக் கரும்புள்ளிகளும் கீறல் போன்ற கோடுகளும் தெரிந்தால் எலும்பு. மெல்லிய வளைகோடுகள் ஒன்றையொன்று வெட்டி வலைபோல் தெரிந்தால் யானைத் தந்தம். இவ்வளவு சிறிய துண்டில் அந்த வலை தெரியாமலும் போகும், அப்போது விவரம் தெரிந்தவரிடம் நேரில் காட்டத்தான் வேண்டும். சிங்கப்பூரில் 2021 செப்டம்பர் 1 முதல் யானைத் தந்தத்தை விற்பதற்கும் விற்பனைக்காகப் பொதுவில் காட்டுவதற்கும் தடை இருக்கிறது. வீட்டில் வைத்திருப்பது குற்றமல்ல. தந்தம் என்ற சந்தேகம் துளி இருந்தாலும், கரோசல் என்ற இணையச் சந்தையில் படம் போடுவதற்கு முன்னால் தேசியப் பூங்காக் கழகத்துக்கு எழுதிக் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மரம் நூக்காக இருந்தால் இன்னொன்றும் உண்டு. அந்த மர இனம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் அருகிவரும் உயிரினங்களுக்கான அனைத்துலக ஒப்பந்தப் பட்டியலில் இருக்கிறது. உள்ளூரில் விற்பதற்கு அது தடையில்லை, ஆனால் பெர்த்தில் இருக்கும் அண்ணனுக்கோ வெளிநாட்டு ஆளுக்கோ இவ்வளவு பெரிய சாமானை அனுப்புவதென்றால் அதே கழகத்தின் அனுமதி வேண்டும். தேக்கு அந்தப் பட்டியலில் இல்லை.

இப்போது மூன்றாவது விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். சிங்கப்பூரில் பழைய மரச்சாமானுக்கு நல்ல விலை கிடைப்பது பெரும்பாலும் பெரனாக்கன் பொருள்களுக்கு, அதாவது இந்த வட்டாரத்தில் வேரூன்றிய சீனக் கலப்பு மரபினர் குடும்பங்களின் பொருள்களுக்கு. அவற்றைத் தேடி வாங்கும் குடும்பங்களும் சேகரிப்பாளர்களும் இங்கேயே இருக்கிறார்கள். செட்டிநாட்டுப் பொருளின் நிலை வேறு. அங்கே பெரிய வீடுகள் பாகப் பிரிவினையில் பிரிக்கப்பட்டபோது தூண், கதவு, அலமாரி எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்தன, அங்கிருந்து பல நாடுகளுக்கும் போயின. ஆகவே செட்டிநாட்டு அலமாரி என்ற பெயர் மட்டும் இங்கே யாரையும் அசைக்காது. ஆனால் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கியில் புழங்கிய ஒருவர் வழியாக, ஒரே குடும்பத்தில் இருந்து வந்த அலமாரி என்று காட்ட முடிந்தால் கதை மாறுகிறது. வரிசையாகச் செட்டியார்கள் தரையில் கைப்பெட்டியோடு உட்கார்ந்து கொடுக்கல் வாங்கல் செய்த அந்தக் கிட்டங்கிகள் நகரச் சீரமைப்பில் போய்விட்டன, அந்தத் தெருவில் இன்று வானளாவிய அலுவலகக் கட்டடங்கள் நிற்கின்றன. இங்கே வாழ்ந்த தமிழர்களின் அன்றாடப் பொருள்களில் கதையோடு எஞ்சியிருப்பவை கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் ஒன்று உங்கள் கூடத்தில் நிற்கிறதோ என்று தெரிந்துகொள்ளாமல் அதை லாரியில் ஏற்றிவிடாதீர்கள் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கதை என்பது பேச்சாக மட்டும் இருந்தால் விலை ஏறாது. கதவின் உட்பக்கம், முதுகு, இழுப்பறையின் பின்பலகை எங்கேயாவது இரண்டு மூன்று எழுத்துகள் வெட்டியோ எழுதியோ இருக்கிறதா என்று பாருங்கள். பாத்திரத்தில் பெயர் வெட்டுவது போல, சாமானிலும் சிலர் தங்கள் கடையின் விலாசத்தை, அதாவது கடையைக் குறிக்கும் முதலெழுத்துகளை, போட்டு வைத்தார்கள். அது தாத்தா வேலை பார்த்த கடையின் விலாசத்தோடு பொருந்தினால் அதைவிட நல்ல சான்று கிடையாது. தாத்தாவின் கையெழுத்தில் கணக்கு நோட்டு, சம்பளச் சீட்டு, கடிதம், பழைய கடவுச்சீட்டு எதுவானாலும் எடுத்து வையுங்கள். குடும்பப் படங்களில் பெண் பார்த்த அன்று எடுத்தது, சடங்குக்கு எடுத்தது என்று எதிலாவது பின்னால் இந்த அலமாரி நிற்கும், தேடுங்கள். அம்மாவின் தங்கை இருக்கிறார் என்கிறீர்கள். சின்னம்மாவை உட்கார வைத்து, அலமாரி எந்தெந்த வீட்டில் எங்கே நின்றது, உள்ளே என்ன இருந்தது என்று பேசவிட்டுக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். அவர் சொன்னதை எழுதித் தேதியோடு கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரஜூலா விஷயம் சட்டத்தோடும் சேர்ந்தது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருளைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக அங்கே தடை இருக்கிறது. 1972இல் இயற்றி 1976 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது, அதற்கு முன்னால் 1947ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது. அதனால் கவனமாக நடக்கும் ஏல நிறுவனம் எதுவும், பொருள் எப்போது இந்தியாவை விட்டு வந்தது என்று கேட்கும். 1926இல் கட்டிய ரஜூலா 1973 வரை ஓடியது, ஆகவே ஐம்பதுகளில் அதில் வந்தது என்பது நடக்கக்கூடியதுதான். அம்மா சொன்ன நூற்றைம்பது வயதையே எடுத்துக்கொண்டாலும், ஐம்பதுகளில் அதற்கு எண்பது வயதுதான் ஆகியிருக்கும். அந்தக் கணக்குப்படி சிக்கல் வர வாய்ப்பில்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் உண்மையில் எண்பதுகளில் யாரோ ஊரிலிருந்து தருவித்தது என்று தெரியவந்தால், விற்பதற்கு முன்னால் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

சரி, பொருள் யாருடையது? அப்பா முன்பே காலமாகிவிட்டார், அம்மா உயில் எழுதவில்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். முஸ்லிம் அல்லாதவர்களுக்குச் சிங்கப்பூரின் உயிலில்லாச் சொத்துச் சட்டப்படி பிள்ளைகள் மூவருக்கும் சம பங்கு, அது அலமாரிக்கும் பொருந்தும். நீங்கள்தான் அம்மாவைப் பார்த்துக்கொண்டீர்கள் என்பது நியாயத்தில் பெரிய விஷயம், ஆனால் சட்டத்தில் அது பங்கைக் கூட்டாது. நீதிமன்றம் யாரை நிர்வாகியாக நியமித்திருக்கிறதோ அவர் பெயரில் விற்பனை நடப்பதே சரி. மற்ற இருவரிடமும் குறைந்தபட்ச விலை இன்னது, இந்த வழியில் விற்கிறோம், பணம் இப்படிப் பிரியும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தியாவது அனுப்பி, சரி என்ற பதிலை வாங்கி வையுங்கள். மரண வரி 2008 பிப்ரவரி 15 அன்றோ அதற்குப் பிறகோ காலமானவர்களுக்கு இல்லை. வாரிசாக வந்த வீட்டுச் சாமானை ஒருமுறை விற்றுக் கிடைக்கும் தொகைக்கு இங்கே மூலதன ஆதாய வரியும் கிடையாது.

அலமாரியைத் தொடாதீர்கள் என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் போதாது. விற்கப் போகிறோமே, பளிச்சென்று இருக்கட்டும் என்று பழைய மெருகைச் சுரண்டி வார்னிஷ் பூசிக் கொண்டுவரும் குடும்பங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். செதுக்கலின் பள்ளங்களில் தங்கிய கறுப்பும், கைபட்டுக் கைபட்டு மேடுகளில் வந்த வழவழப்பும் சேர்ந்ததுதான் வாங்குபவர் தேடுவது. உப்புக்காகிதம் ஒருமுறை ஓடிவிட்டால் அது திரும்பாது. காய்ந்த மெல்லிய தூரிகையால் தூசி தட்டுங்கள், அது போதும். பித்தளைக் கைப்பிடியை பிராஸோ போட்டுத் தேய்க்காதீர்கள். உடைந்த மயில் தலை இழுப்பறையில் கிடக்கிறது என்றீர்களே, அதைப் பசை வைத்து ஒட்டாமல் ஒரு பையில் போட்டு, சாவியோடு சேர்த்து வையுங்கள். முதுகுப் பலகையில் உள்ள துளைகளைக் காட்டி வியாபாரி விலையைக் குறைத்திருக்கிறார். அடியில் கறுப்புக் காகிதம் ஒன்றை விரித்துப் பத்துப் பதினைந்து நாள் விட்டுப் பாருங்கள். புதிதாக மாவு கொட்டினால் உளுப்புப் பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம், பூச்சி மருந்து அடிப்பவரைக் கூப்பிட வேண்டும். கொட்டவில்லை என்றால் பெரும்பாலும் எப்போதோ அரித்து ஓய்ந்த துளைகள்தான், அவற்றுக்காக விலையில் பெரிதாக இறங்க வேண்டாம்.

விலைக்கு வருவோம். காப்பீட்டுக்கு எழுதும் மதிப்பு, கடையில் தொங்கும் விலை, ஏலத்தில் கிடைப்பது, வியாபாரி கையில் தருவது ஆகிய நான்கும் நான்கு வேறு எண்கள். நான் பார்த்தவரை, கடைக்காரர் தான் விற்க நினைக்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைதான் கொடுத்து வாங்குவார். வாடகை, லாரி, பழுதுபார்ப்பு, மாதக்கணக்கில் முடங்கும் பணம் எல்லாம் அவருக்கு உண்டு, அதனால் அதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நீங்கள் வாங்க வேண்டாம், கமிஷனுக்குக் கடையில் வைத்து விற்றுத் தருவீர்களா, என்ன விலை போடுவீர்கள்? அந்தப் பதிலில் அவருடைய உண்மையான மதிப்பீடு வெளியே வந்துவிடும். அதற்கு முன்னால், வாங்கும் எண்ணம் இல்லாத இருவரிடமாவது அபிப்பிராயம் கேளுங்கள். உள்ளூர் ஏல நிறுவனங்கள் பொதுவாகப் படம் அனுப்பினால் உத்தேச மதிப்பைக் கட்டணமில்லாமல் சொல்வார்கள். ஏலத்தில் விற்றால் விற்பவரிடம் பத்து முதல் இருபது விழுக்காடு வரை, சில இடங்களில் அதற்கு மேலும் பிடிப்பார்கள். லாரி, படம் எடுக்கும் செலவு, விற்காமல் போனால் திருப்பி எடுக்கும் செலவு யாருடையது என்று முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள், குறைந்தபட்ச விலை வைக்காமல் கொடுக்காதீர்கள். கரோசலில் நேரடியாக விற்றால் கையில் நிற்பது அதிகம், ஆனால் ஏழடி அலமாரியை வாங்கி வைக்கக்கூடியவர்கள் குறைவு. பாதுகாக்கப்பட்ட கடைவீடு வைத்திருப்பவர்கள், இந்திய உணவகம் நடத்துபவர்கள், உள் அலங்கார வேலை செய்பவர்கள் பக்கம் விசாரியுங்கள்.

கதைக்குச் சான்று நன்றாக அமைந்துவிட்டால், விற்பதற்கு முன்னால் கேம்பல் லேனில் உள்ள இந்திய மரபுடைமை நிலையத்துக்கு எழுதிப் பாருங்கள். எல்லாவற்றையும் அவர்கள் எடுத்துக்கொள்வதில்லை, பெரிய சாமானுக்கு இடம் ஒரு பிரச்சினை. எடுத்துக்கொண்டால் அது கொடையாகத்தான் போகும், விலை கிடைக்காது. அங்கீகரிக்கப்பட்ட அரும்பொருளகங்களுக்குத் தரும் கலைப்பொருளின் மதிப்பில் 250 விழுக்காடு வரை வருமான வரிக் கழிவு உண்டு. மூவரும் ஒப்பினால் யோசிக்கத்தக்க வழி.

சாவி கொடுக்கும் நாள் நெருங்குவதுதான் உங்களை அவசரப்படுத்துகிறது, ஆகவே அலமாரியை முதலில் வீட்டிலிருந்து பிரித்துவிடுங்கள். ஈரப்பதம் கட்டுப்படுத்திய சேமிப்புக் கிடங்கில் இரண்டு மூன்று மாதம் வைக்க ஆகும் வாடகை, அவசரத்தில் இழக்கக்கூடியதைவிடக் குறைவாகவே இருக்கும். குளிரூட்டி நேரே அடிக்கும் இடம் வேண்டாம், மரம் வெடிக்கும். இந்த மாதிரி அலமாரிகள் பெரும்பாலும் பிரித்து மாட்டும்படி செய்தவை: மேல் மகுடம் தூக்கினால் வந்துவிடும், பக்கப் பலகைகளை மர ஆணிகளும் ஆப்புகளும் பிடித்திருக்கும், இணைப்புகளில் எது எதோடு சேரும் என்று தச்சர் போட்ட கோடுகளோ எண்களோ தெரியும். ஆட்கள் மின்தூக்கிக்குள் அப்படியே நுழைக்கப் பார்ப்பார்கள், விடாதீர்கள். பழைய சாமான் பிரித்துப் பழகிய தச்சர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இணைப்பையும் படம் எடுத்தபின் கழற்றுங்கள். முதுகுப் பலகை, இழுப்பறையின் அடி, சாவித்துளை வளையம் மூன்றையும் பகல் வெளிச்சத்தில் கிட்டத்தில் படமெடுத்து இங்கே போட்டீர்களானால், மரம் எது, வளையம் எலும்பா என்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் துணிந்து சொல்கிறேன்.